கால் தவிப்புக்கு இரும்புச்சத்து: மாத்திரையா, டிரிப்பா?

படுத்ததும் காலை ஆட்டியே தீர வேண்டும் என்ற தவிப்பு இருந்தால், ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள், இரும்பு தேவையா, எந்த வடிவில் என்பதைத் தீர்மானிக்க அதுதான் முக்கியம்.

அளவு: 325 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் உள்ள இரும்பு 65 மி.கி.தான், டிரிப்பில் பெரும்பாலும் 1000 மி.கி.
செலவு: மாத்திரை மலிவு, டிரிப் அதிகம்.
தொல்லை: மாத்திரையால் மலச்சிக்கல் வரும், டீயோடு போட்டால் பாதி வீண், டிரிப்பில் அரிதாக ஒவ்வாமை.
பலன்: மாத்திரைக்கு மாதக்கணக்கு, டிரிப்புக்குச் சில வாரங்கள்.

ஃபெரிட்டின் 75-க்குள் (ng/mL அளவில்) இருந்தால் வைட்டமின் சி-யோடு மாத்திரையில் தொடங்கலாம், மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள். 75 முதல் 100 வரை, அல்லது வயிறு ஏற்கவே இல்லை என்றால், டிரிப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஃபெரிட்டின் 100-க்கு மேல் போனால் பொதுவாக இரும்பு தருவதில்லை, நீங்களாகப் போட்டுக்கொள்ளவே கூடாது, தேங்கினால் கல்லீரல் கெடும்.