ஸ்காட்ச் முட்டை: எண்ணெயில் பொரிப்பதா, ஓவனில் சுடுவதா?

ஸ்காட்ச் முட்டை என்றால் அவித்த முட்டையைச் சுற்றி மசாலா சேர்த்த கொத்துக்கறி, அதன் மேல் ரொட்டித்தூள். அதை ஓவனில் சுடச் சொல்லும் குறிப்புகளில் பாதிக்கு மேல் ஒரே வாக்குறுதியைத்தான் தருகின்றன: பொரித்தது போலவே இருக்கும், எண்ணெய் மட்டும் இருக்காது. அதை நம்பிச் செய்பவருக்குக் கிடைப்பது வெளிறிய மேலோடு, வெடித்த இறைச்சி, மாவாக உதிரும் மஞ்சள் கரு. குற்றம் ஓவனுடையது அல்ல. பொரிப்பதற்கு எழுதிய செய்முறையை அப்படியே தூக்கி ஓவனுக்குள் வைத்தால் இப்படித்தான் ஆகும். ஓவன் முட்டை வேறு பண்டம். அதற்கு வேறு கனத்தில் இறைச்சி வேண்டும், வேறு விதமாக ரொட்டித்தூள் வேண்டும், மஞ்சள் கருவைப் பற்றி வேறு எதிர்பார்ப்பும் வேண்டும்.

பிரிட்டனில் ஸ்காட்ச் முட்டை சுற்றுலாக் கூடைக்கும் மதுக்கூடத்துக்கும் உரிய தின்பண்டம். அவித்த முட்டையைச் சுற்றி மசாலா சேர்த்த கொத்துக்கறி, அதன் மேல் ரொட்டித்தூள். இதை 1738-இல் பயணிகளுக்காகத் தாங்களே உருவாக்கியதாக லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடை உரிமை கொண்டாடுகிறது. அவித்த முட்டையைக் கொத்துக்கறியில் பொதியும் முகலாய சமையலின் நர்கிஸி கோஃப்தாதான் இதன் மூதாதை என்று சொல்பவர்களும் உண்டு. 2020-இன் இறுதியில், கொரோனா கட்டுப்பாடுகளின்போது, இங்கிலாந்தின் பல பகுதிகளில் கணிசமான உணவுடன் மட்டுமே மதுக்கூடங்கள் மது பரிமாறலாம் என்று விதி வந்தது. ஒரு ஸ்காட்ச் முட்டை கணிசமான உணவாகுமா, ஆகாதா என்று அமைச்சர்களே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்தக் கணிசத்தைத் தரும் இறைச்சிக் கனம்தான் ஓவனில் சிக்கலையும் தருகிறது.

காரணம் எளிது. ஒரே உருண்டைக்குள் இருக்கும் மூன்று அடுக்குகளும் மூன்று வெவ்வேறு வெப்பநிலைகளைக் கேட்கின்றன. ரொட்டித்தூள் பொன்னிறமாக வேண்டுமானால் நீர் கொதிக்கும் நிலையை நன்றாகத் தாண்டிய சூடு வேண்டும். பன்றி, மாடு, ஆடு எதுவானாலும் கொத்துக்கறி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். கோழி என்றால் 74. மஞ்சள் கருவோ 65 டிகிரியிலேயே கெட்டிப்படத் தொடங்கி, 70-ஐ நெருங்கும்போது இறுகிவிடுகிறது. ஆக, இறைச்சி வெந்தாக வேண்டும், ஆனால் அந்தச் சூடு நடுவே போய்ச் சேரக் கூடாது. இது முழுக்க முழுக்க நேரத்தோடு நடத்தும் பந்தயம்.

இந்தப் பந்தயத்தில் எண்ணெய்தான் முந்துகிறது. 170 டிகிரி எண்ணெய் உருண்டையை எல்லாப் பக்கமும் தழுவிக்கொண்டு சூட்டை வேகமாக உள்ளே தள்ளுகிறது. ஏழெட்டு நிமிடத்தில் இறைச்சி வெந்துவிடும். குளிர்ந்த முட்டையாக உள்ளே போயிருந்தால் மஞ்சள் கரு இன்னும் வழியும் நிலையிலேயே இருக்கும். ஓவனை 200 டிகிரியில் வைத்தாலும் அங்கே சூட்டைக் கடத்துவது காற்று. காற்று அந்த வேலையில் சோம்பேறி. இருபத்தைந்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை ஆகும். அதற்குள் சூடு நிதானமாக நடுவரை நடந்து போய்விடுகிறது. கத்தியால் வெட்டியதும் மஞ்சள் கரு தட்டில் ஓட வேண்டும் என்று ஆசைப்படுபவர் எண்ணெய்ச் சட்டியை எடுப்பதே நல்லது. ஓவனில் அதை வரவழைக்கும் தந்திரங்கள் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் வேகாத இறைச்சியில்தான் முடிகின்றன.

ஓவனில் நம்பி எதிர்பார்க்கக்கூடியது ஓரம் இறுகி, நடுவில் பசைபோல் மினுங்கும் மஞ்சள் கரு. என் வாய்க்கு அதுதான் மேல். வழியும் கரு மேலோட்டின் மொறுமொறுப்பை நனைத்துவிடுகிறது. இந்தப் பதம் கிடைக்க, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பெரிய முட்டையைக் கொதிக்கும் நீரில் போட்டு ஐந்து நிமிடம், அதிகம் போனால் ஐந்தரை நிமிடம் அவித்து, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். உரித்த பிறகு மறுபடியும் குளிர்பெட்டியில் நன்றாகக் குளிர வைக்க வேண்டும். இந்தக் குளிர்தான் ஓவனில் நமக்குச் சில நிமிடங்களைச் சம்பாதித்துத் தருகிறது. பொரிப்பவர் ஆறு நிமிடம் அவித்தாலும் அவருக்குக் கெடுதல் இல்லை. முதலிலேயே பத்து நிமிடம் அவித்துவிட்டு, பிறகு அரை மணி நேரம் ஓவனிலும் வைத்தால், மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் விழும். வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாவது அது. தின்றால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது.

ஐந்து நிமிட முட்டையை உரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வெள்ளைக் கரு அப்போதுதான் உறைந்திருக்கும்; அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். ஒரு வாரம் போன முட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். நாள் ஆக ஆக வெள்ளைக் கருவின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடுவதால் ஓடு எளிதில் கழன்று வரும். அன்று இட்ட முட்டையோடு மல்லுக்கட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை.

இறைச்சியைப் பொறுத்தவரை எண்ணெய் பெருந்தன்மையானது. நேரம் குறைவு என்பதால் கொழுப்பில்லாத கறியைக்கூட அது மன்னித்துவிடும். ஓவன் மன்னிக்காது. கோழி நெஞ்சுக்கறியை மட்டும் அரைத்துப் போர்த்தினால் அது சுருங்கி, வெடித்து, முட்டையை விட்டு விலகி நிற்கும். பன்றி சாசேஜ் இறைச்சியில் ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு இருக்கும். ஓவனுக்கு அதுவே பொருத்தம். கோழிதான் வேண்டுமென்றால் தொடைக்கறி நல்லது. பாலில் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டித் துண்டு ஒன்றைச் சேர்த்தால் ஈரம் நிற்கும். எந்த இறைச்சியானாலும் உப்பு சேர்த்து, கையில் ஒட்டும் பதம் வரும்வரை பிசைய வேண்டும். உப்புதான் இறைச்சியின் புரதத்தைக் கரைத்துப் பிசுபிசுப்பைத் தருகிறது. அந்தப் பிசுபிசுப்பு இல்லாவிட்டால் வெடிப்பு நிச்சயம்.

கனமும் மாற வேண்டும். பொரிக்கும்போது ஒரு முட்டைக்கு 100 கிராம் இறைச்சி தாங்கும். அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனம். ஓவனுக்கு 70 கிராமில் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். கால் சென்டிமீட்டர் குறைவது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் வேகும் நேரம் கண்கூடாகக் குறைகிறது. இறைச்சியை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துத் தட்டி, சீரான வட்டமாக்கி, ஈரம் துடைத்து மைதாவில் புரட்டிய முட்டையை நடுவில் வைத்துச் சுற்றுங்கள். மைதாவை விட்டுவிட்டால் முட்டைக்கும் கறிக்கும் நடுவே இடைவெளி விழும்.

இப்போது ரொட்டித்தூள். ஓவன் முட்டையைப் பழிப்பவர்களில் பெரும்பாலோர் இதில்தான் சறுக்கியிருப்பார்கள். சட்டியில் ரொட்டித்தூள் எண்ணெயைக் குடித்துத் தானே சிவந்துவிடும். ஓவனில் பச்சைத் தூளைப் பூசி வைத்தால், இறைச்சி வெந்து முடிந்த பின்னும் அது வெள்ளையாகவே உட்கார்ந்திருக்கும். ஆகவே தூளை முன்கூட்டியே சிவக்க வைத்துவிட வேண்டும்: ஐந்தாறு முட்டைகளுக்கு 100 கிராம் பாங்கோ தூளை (ஜப்பானிய பாணி பெருந்துகள் ரொட்டித்தூள்) இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் மிதமான தீயில் கிளறி, பொன்னிறம் வந்ததும் ஆற வைத்து, பிறகு பூசுங்கள். அடித்த முட்டையில் தோய்த்து இந்தத் தூளில் புரட்டினால் நிறம் ஏற்கெனவே தயார். ஓவனுக்கு இறைச்சியை வேகவைக்கும் வேலை மட்டுமே மிச்சம். மேலே எண்ணெய் தெளித்தால் போதாதா என்றால், திட்டுத்திட்டாகச் சிவக்கும், அவ்வளவுதான். ஒரு சொட்டு எண்ணெயும் கூடாது என்பவர்கள் ரொட்டித்தூளை விட்டுவிட்டு வெறும் கறி உருண்டையாகச் சுட்டுக்கொள்ளலாம். சாசேஜ் இறைச்சியே தட்டில் எவ்வளவு கொழுப்பைக் கக்குகிறது என்று பார்த்த பிறகு அந்த விரதம் தானாகத் தளரும்.

அந்தக் கொழுப்பில் அடிப்பக்கம் ஊறாமல் இருக்க, தட்டின் மேல் கம்பி வலை வைத்து அதன் மீது உருண்டைகளை அடுக்க வேண்டும்.

ஏர் ஃப்ரையர் பலமான விசிறி வைத்த சின்ன ஓவன்தான். ஆனால் காற்று வேகமாகச் சுழல்வதால் 190 டிகிரியில் பதினைந்து நிமிடம் போல ஆகிறது, மஞ்சள் கருவும் ஓவனில் வைத்ததைவிட இளகலாக நிற்கிறது. பாதியில் ஒருமுறை திருப்ப வேண்டும். ஒட்டாத தூளைத் தட்டி உதிர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே பறந்து கருகும். இரண்டு பேருக்கு என்றால் என் தேர்வு இதுவே. பத்து முட்டை என்றால் கூடை போதாது.

சில உணவகங்களில் இரண்டையும் கலக்கிறார்கள்: நிறத்துக்காக இரண்டு நிமிடம் பொரித்து, ஓவனில் பத்து நிமிடம் வைத்து முடிப்பது. கனமான கறிக்கு அது நல்ல வழிதான். வீட்டில் எண்ணெய்ச் சட்டியையும் கழுவி ஓவனையும் சூடாக்க எனக்கு மனம் வருவதில்லை.

உழைப்பில் ஓவன் வெகு தூரம் முன்னே நிற்கிறது. பொரிக்க ஒரு லிட்டருக்கு மேல் எண்ணெய் வேண்டும்; ஒரே நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் போட்டால் சூடு இறங்கிவிடும்; சூடு ஏறினாலோ மேல் கருகி உள்ளே கறி பச்சையாக நிற்கும். ஓவனில் பன்னிரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். எந்த முறையானாலும் சமையல் தெர்மாமீட்டரைச் சாய்வாகக் குத்தி, கறியின் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். முனை முட்டைக்குள் போய்விட்டால் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

மறுநாளைக்கு என்று செய்தால் பொரித்ததற்கும் சுட்டதற்கும் வித்தியாசம் மங்கிவிடும். குளிர்பெட்டியில் இரண்டின் மேலோடும் தளரும். 180 டிகிரி ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும், மஞ்சள் கரு மட்டும் இன்னும் இறுகும். குளிர்ச்சியாகவே தின்னப் போகிறவர் கடுகு சாஸ் தொட்டுக்கொள்ளலாம். அவருக்குப் பொரிப்பது வீண் வேலை.