வகுப்பெடுக்காதவர் பள்ளி முதல்வர் ஆகலாமா?

பள்ளி முதல்வர், ஆலோசகர், உளவியலாளர் ஆகியோருக்கு உரிமம் தரும் முன், அவர்கள் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்று கேட்பது சரியா? அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் இதற்குத் தனி விதி வைத்திருக்கிறது. பின்லாந்தில் முதல்வராக வேண்டுமென்றால் ஆசிரியர் தகுதி, கற்பித்த அனுபவம், கல்வி நிர்வாகப் படிப்பு மூன்றும் வேண்டும். இங்கிலாந்து தலைமையாசிரியர்களுக்கான தேசியத் தகுதிச் சான்றிதழை 2009இல் கட்டாயமாக்கி, 2012இல் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இந்த வாதத்தில் முதல்வரையும், ஆலோசகர், உளவியலாளர் போன்ற நிபுணரையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் குழப்பத்தை உண்டாக்குகிறது.

முதலில் முதல்வர். அனுபவம் கட்டாயம் என்பவர்களின் பக்கமே நான். முதல்வர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிக்கிறார்; அந்த ஆசிரியரின் வேலை நிரந்தரமாவதில் அவர் எழுதும் குறிப்புக்கும் பங்கு உண்டு. வகுப்பில் ஒரே சத்தம் என்று வைத்துக்கொள்வோம். குழுவாக உட்கார்ந்து ஒரு கணக்கை விவாதிக்கும் சத்தமா, ஆசிரியர் கைவிட்டுப் போன வகுப்பின் சத்தமா? பாடம் நடத்திப் பழகியவருக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபடும். பழகாதவர் கையிலிருக்கும் மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்து ‘அமைதி இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போக வாய்ப்பு அதிகம். ஒரு நல்ல ஆசிரியரை இப்படித்தான் இழக்கிறோம்.

எதிர்த்தரப்பின் வாதமும் லேசானதல்ல. பத்து ஆண்டுகள் பாடம் எடுத்தவருக்கு வரவுசெலவும் பணியாளர் நிர்வாகமும் தானாக வந்துவிடாது. நியூயார்க் நகரப் பள்ளிகளை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், முதல்வராக இருந்த அனுபவம் பள்ளியின் செயல்பாட்டோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய பணி அனுபவத்துக்கு அப்படிப் பெரிய தொடர்பு தெரியவில்லை. இதை வைத்து விதியையே எடுத்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் அந்த முதல்வர்கள் உரிமத்துக்குத் தேவையான அனுபவத்தோடு உள்ளே வந்தவர்கள். ஐந்து ஆண்டுக்கும் பதினைந்து ஆண்டுக்கும் வித்தியாசம் குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு நாள்கூட வகுப்பெடுக்காதவரும் போதும் என்பதற்கு அது சான்றாகாது. ஆகவே ஆண்டுக் கணக்கைக் குறைக்கலாம், ஒரேயடியாக நீக்கக் கூடாது.

நிபுணர்கள் கதை வேறு. பள்ளி உளவியலாளருக்கு அமெரிக்காவின் தேசியச் சங்கம் வகுத்த அளவுகோல் 1,200 மணிநேரப் பயிற்சிப் பணி. அதில் குறைந்தது 600 மணிநேரம் பள்ளியில் இருக்க வேண்டும். மேற்பார்வையோடு, தான் செய்யப்போகும் அதே வேலையில் பெறும் பயிற்சி இது. இதற்கு மேல் இரண்டு ஆண்டு பாடம் நடத்திவிட்டு வா என்றால் என்ன லாபம்? பேச்சுச் சிகிச்சையாளருக்கும் இதே வாதம்தான்.

ஆலோசகர் விஷயத்தில்தான் நிஜமான மோதல். டெக்சாஸ் நீண்ட காலம் ஆலோசகர்களிடமும் இரண்டு ஆண்டு வகுப்பறை அனுபவத்தைக் கேட்டது. ஆசிரியரின் நெருக்கடி புரிந்தால் அவரோடு சேர்ந்து வேலை செய்வது எளிது என்பது அதற்கான நியாயம். எனக்கு அது போதவில்லை. வீட்டில் அடிவாங்கும் பிள்ளை மதிப்பெண் போடாத, தண்டிக்காத ஒருவரிடம்தான் வாய் திறக்கும். அப்படிக் கேட்பது தனியாகக் கற்க வேண்டிய திறமை. அப்புறம் ஆள் கணக்கையும் பார்க்க வேண்டும்: 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்பது அந்நாட்டு ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை, பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் அதைவிட அதிகம் பேரைக் கவனிக்கிறார். குழந்தைகளோடு பல ஆண்டுகள் வேலை செய்த சமூகப் பணியாளரை வாசலில் நிறுத்த இது நேரமல்ல.

வாசிப்பு நிபுணரும் கற்பித்தல் பயிற்றுநரும் மட்டும் இதில் சேரமாட்டார்கள். ஆசிரியருக்கே சொல்லித்தருவதும் அவர்கள் வேலை. அவர்களுக்கு வகுப்பறை கட்டாயம்.

பல பள்ளிகளை மேலிருந்து நிர்வகிக்கும் பதவிக்கு விதிவிலக்கு தரலாமா? நியூயார்க் நகரம் பார்த்திருக்கிறது. வழக்கறிஞரான ஜோயல் க்ளைன் சிறப்பு அனுமதியோடு 2002இல் பள்ளிகளின் தலைமைக்கு வந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அடுத்து பத்திரிகைப் பதிப்புத் துறையிலிருந்து வந்த கேத்தி பிளாக், 2011 ஜனவரியில் பொறுப்பேற்று ஏப்ரலிலேயே விலகினார். அவருக்கு அனுமதி கிடைத்ததே, ஆசிரியராகவும் முதல்வராகவும் இருந்த ஒருவர் துணையாகக் கற்பித்தல் பக்கத்தைக் கவனிப்பார் என்ற ஏற்பாட்டில்தான். பிளாக் விலகிப் போனாலும் அந்த ஏற்பாடு நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். பெரிய நிர்வாகத்தில் வேலையைப் பிரித்துக்கொள்ள முடியும்.

ஒரே ஒரு பள்ளிக்குள் அது நடக்காது, முக்கியமாகத் துணை முதல்வர்கூட இல்லாத சின்னப் பள்ளியில். வேறு துறையிலிருந்து வரும் திறமைசாலியை அங்கே முதல்வராக்க வேண்டுமென்றால், உரிமத்துக்கு முன் ஒரு முழுக் கல்வியாண்டு ஒரு வகுப்பை அவர் பொறுப்பில் விடட்டும்: பாடத்திட்டம், தேர்வுத்தாள், பெற்றோர் சந்திப்பு எல்லாம் சேர்த்து.