வீடியோவா, காகிதமா: கிராமத்து எம்.பி. டெல்லியில் எதைப் பிடித்தால் ஊருக்கு நல்லது?

நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு நாலு நாள் காத்துக் கிடந்தவருக்கு, ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் தெரியும் எண்தான் தெய்வவாக்கு. 17-க்குள் நின்றால் சிப்பம் பிடிக்கலாம். 19.4 என்று காட்டினால் "காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்பார்கள். மேலே வானம் கருத்துக் கிடக்கும், கீழே தார்ப்பாய்க்குள் நெல் புழுங்கும். எங்கே காயவைப்பது?

இப்படி ஒரு சாயங்காலம்தான் பக்கத்துக் குவியல்காரர் போனை நீட்டினார். எங்கள் தொகுதி எம்.பி. மக்களவையில் நெல்லுக்காகப் பேசிய வீடியோ. இரண்டு நிமிடம்கூட இல்லை. பின்னணியில் பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள். பார்த்து முடித்ததும் அவர் கேட்டார்: "சரி, இதுக்கு அமைச்சர் என்ன சொன்னாரு?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அது பூஜ்ய நேரம்.

விவசாயத்துக்காகவும் ஊருக்காகவும் பேச ஒரு எம்.பி.க்கு டெல்லியில் வழிகள் பல உண்டு. எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஆனால் பலன் வேறு வேறு. ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், நாம் கைதட்டுவது ஒன்றுக்கு, நமக்கு உதவுவது இன்னொன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

பூஜ்ய நேரமும் விதி 377-ம்

பூஜ்ய நேரத்துக்கு மக்களவையின் விதிப் புத்தகத்தில் இடமே கிடையாது. அறுபதுகளில் பழக்கமாகத் தொடங்கி நிலைத்துவிட்டது. அவசர விஷயத்துக்கு நோட்டீஸ் கொடுத்து, வாய்ப்பு கிடைத்தால் எழுந்து பேசலாம். அமைச்சர் பதில் சொன்னால் அது அவர் பெருந்தன்மை.

அதற்காக இதை வெறும் சத்தம் என்று தள்ளிவிட மாட்டேன். மழைக்கு இது ஒன்றுதான் தோதான கருவி. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. பட்ஜெட் கூட்டத்தொடர் அப்போது நடந்துகொண்டிருந்தது. ஈரப்பத வரம்பை 22 சதவீதமாக்கச் சொல்லி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போன பிறகு 20 சதவீதம் வரை தளர்வு கிடைத்தது. அந்த மாதிரி வாரத்தில் முறைப்படி கேள்வி கொடுத்துக் காத்திருந்தால், பதில் வருவதற்குள் நெல் முளைவிட்டிருக்கும்.

ஊர்க் குறையை எழுதிக் கொடுத்து அவையில் எழுப்பும் வழியான விதி 377 இதற்குச் சற்று அமைதியான தம்பி. எழுதிக் கொடுப்பது 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒருவருக்கு ஒன்றுதான். நாளொன்றுக்கு 20 பேருக்கு இடம் உண்டு. பூஜ்ய நேரத்தை விட இதில் கூடுதலாக ஒன்று கிடைக்கும்: அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் எம்.பி.க்கு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. வீடியோவுக்கு ஆயிரம் பகிர்வு கிடைக்கும், இந்தக் கடிதத்தை யாரும் பகிர மாட்டார்கள். ஆனால் அமைச்சகத்தின் கையெழுத்தோடு ஊர் பெயர் போட்டு வரும் காகிதம் அதுதான். நிரந்தரமான ஒரு குறைக்கு, ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர் மாதிரி விஷயத்துக்கு, பூஜ்ய நேரத்தை வீணடிக்காமல் 377-க்குப் போவதே புத்திசாலித்தனம்.

நட்சத்திரமா, நட்சத்திரம் இல்லாததா

கேள்வி நேரம்தான் விதிப்படி எம்.பி.யின் பெரிய ஆயுதம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. நடப்பு வேறு. மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் 20 நட்சத்திரக் கேள்விகள். ஒரு மணி நேரத்தில் அவற்றில் ஐந்தாறு நடந்தாலே பெரிது. அமளி வந்தால் அதுவும் இல்லை. குலுக்கலில் பெயர் வந்து, முதல் ஐந்துக்குள் இடம் கிடைத்து, அன்றைக்கு அவையும் நடக்க வேண்டும். லாட்டரிச் சீட்டு என்று சொன்னால் தப்பில்லை.

நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு இந்தப் பகட்டெல்லாம் கிடையாது. நாளொன்றுக்கு 230. பதில் எழுத்தில் வரும், இணைப்பு அட்டவணையோடு. அவையில் ரகளை நடந்தாலும் அந்தப் பதில் மேசைக்கு வந்துவிடும், நாடாளுமன்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம்.

என் ஓட்டு இதற்குத்தான். காரணம் பயிர்க் காப்பீடு. 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டும் பிரீமியம் காரிஃப் (மழைக்கால) பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பயிருக்கு) ஒன்றரை. மீதியை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள், கம்பெனிக்கு மொத்தம் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கை ஒரு விவசாயி தனியாகப் பெறுவது லேசில்லை. வங்கியில் கேட்டால் வேளாண் அலுவலகம், வேளாண் அலுவலகத்தில் கேட்டால் காப்பீட்டுக் கம்பெனி, கம்பெனியில் கேட்டால் மெஷின் குரல். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடலாம்தான், ஆனால் தனியார் கம்பெனி என்றால் அது நேராகப் பாயாது. ஒரு எம்.பி. நாலு வரி கேட்டால் அமைச்சகமே திரட்டித் தர வேண்டும்.

"எங்களிடம் தகவல் இல்லை" என்ற பதில்கூட வீண் போகாது. டெல்லி எல்லையில் போராடி இறந்த விவசாயிகள் பற்றி 2021 குளிர்காலக் கூட்டத்தொடரில் கேட்டபோது, வேளாண் அமைச்சகத்திடம் பதிவு எதுவும் இல்லை, எனவே நிதியுதவி என்ற கேள்வியே எழவில்லை என்று எழுத்தில் பதில் வந்தது. அந்த ஒரு வரி அடுத்த நாள் நாடெங்கும் செய்தியானது. மேடைப் பேச்சில் அதை யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பார்கள். அவையில் வைத்த காகிதத்தை மறுக்க முடியாது.

கேள்விக்கு மதிப்பு உண்டு என்பது வேறு சிலருக்கு நம்மை விட நன்றாகத் தெரியும். கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். இலவசமாகக் கிடைப்பதை நாம் கேட்டு வாங்குவதே இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்கு முழுதாய் 15 நாள் முன் நோட்டீஸ் வேண்டும், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், மத்திய அரசின் பொறுப்பில் வரும் விஷயமாக இருக்க வேண்டும். விவசாயம் மாநிலப் பட்டியலில் 14-ஆவது இனம். "எங்கள் வாய்க்காலை ஏன் தூர்வாரவில்லை" என்று கேட்டால், கேள்வியே ஏற்கப்படாது, அல்லது "இது மாநில அரசின் பொருள்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அதே விஷயத்தை மத்திய நிதி வரும் திட்டத்தின் பெயரில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொரு பழைய தப்பு: நெல் என்றதும் வேளாண் அமைச்சகத்துக்குக் கேள்வி அனுப்புவது. ஈரப்பதத் தளர்வும் கொள்முதலும் உணவுத் துறையின் கையில் இருக்கின்றன. முகவரி தப்பினால் கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த ஆயுதத்தை மொத்தமாகப் பிடுங்கிய கூட்டத்தொடரும் உண்டு. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தை எடுத்துவிட்டார்கள், பூஜ்ய நேரத்தை அரை மணியாக்கினார்கள். எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சியது. மூன்று வேளாண் சட்டங்களும் அந்தக் கூட்டத்தொடரில்தான் நிறைவேறின, மசோதாக்களை அலசும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவின் வாசலைக்கூட மிதிக்காமல். மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பு. 2021 நவம்பர் 29 அன்று அவற்றை ரத்து செய்த மசோதாவும் இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல் ஒரே நாளில் போனது. நடுவில் நடந்ததெல்லாம் டெல்லியின் சிங்கு எல்லையிலும் டிக்ரி எல்லையிலும் விவசாயிகள் உட்கார்ந்த போராட்டத்தில்தான். நான் இங்கே ஒப்பிடும் எந்த வழியும் அந்த ஒரு வருடத்துக்கு ஈடில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தனிநபர் மசோதா

அமைச்சராக இல்லாத எம்.பி. தானே கொண்டுவரும் மசோதா இது. பெயரைக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் இரண்டரை மணி நேரம், பாதி இருக்கைகள் காலி. சுதந்திரத்துக்குப் பிறகு இப்படிச் சட்டமானவை 14 மட்டும். கடைசியாக ஆனது 1970-இல்.

மகாராஷ்டிரத்தின் ஹாத்கணங்கலே தொகுதி எம்.பி.யாக இருந்த ராஜு ஷெட்டி, கரும்பு விலைக்காகத் தெருவில் நின்று மேலே வந்தவர். நாடெங்கும் உள்ள விவசாயச் சங்கங்கள் கூடி எழுதிய இரண்டு மசோதாக்களை 2018 ஆகஸ்டில் மக்களவையில் வைத்தார். ஒன்று கடனிலிருந்து விடுதலை, இன்னொன்று கட்டுப்படியான ஆதரவு விலைக்குச் சட்ட உரிமை. அடுத்த ஆண்டு அவை கலைந்தது, மசோதாக்கள் காலாவதியாயின, தேர்தலில் அவரும் தோற்றார். கரும்புக்காரர்களுக்காகக் கத்தியவருக்குக் கரும்புச் சீமையிலேயே ஓட்டு போதவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆனால் தோற்ற மசோதா வேறொரு வேலை செய்தது. "விலை வேண்டும்" என்ற முழக்கம் பிரிவு வாரியாக எழுதிய சட்ட வாசகமானது. பிறகு வந்த போராட்டங்களில் சட்டப்படி ஆதரவு விலை என்று கேட்டபோது, கையில் ஏற்கெனவே ஒரு வரைவு இருந்தது. ஊர்ப் பிரச்சினைக்கு இது பயன்படாது. பத்து வருட வழக்குக்குப் பயன்படும்.

யாரும் பார்க்காத அறை

நிலைக்குழுவைப் பற்றி நம் ஊரில் பேச்சே கிடையாது. 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கேமரா இல்லை, கூச்சல் இல்லை, துறைச் செயலாளரை எதிரே உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்கலாம். 2012-இல் பாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான வேளாண் நிலைக்குழு மரபணு மாற்றப் பயிர்கள் பற்றி அறிக்கை கொடுத்தது. மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் பருத்தி விவசாயிகளின் ஊருக்கே போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதியது. ஆளுங்கட்சி எம்.பி.க்களும் இருந்த குழு, வயல் பரிசோதனைகளை நிறுத்தச் சொன்னது. அவையில் கட்சிக் கொடிக்குக் கீழே நின்று அவர்களால் அப்படிப் பேசியிருக்க முடியாது.

கட்டாயம் கிடையாது என்பதுதான் பலவீனம். 2024 டிசம்பரில் சரண்ஜித் சிங் சன்னி தலைமையிலான குழு விவசாயிகளுக்கு மத்திய அரசு வருடந்தோறும் தரும் பி.எம். கிசான் தொகையை 6,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக்கச் சொன்னது. 2025 பட்ஜெட்டில் அது 6,000 ஆகவே நின்றது.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றி ஒரு வரி போதும்: வருடத்துக்கு 5 கோடி, ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பங்கு. உயர்கோபுர விளக்குகளுக்குப் பதிலாக நெல் காயவைக்கக் களம் கட்டினால் நான் ஓட்டுப் போட யோசிக்கவே மாட்டேன்.

ஆக, மழைக்குப் பூஜ்ய நேரம், கொள்கைக்கு நிலைக்குழு. விளைநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஏலம் விடுவது மாதிரி தலைக்கு மேல் வந்தால் எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும். 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்குப் பகுதிகள் ஏலப் பட்டியலில் இருந்து பத்துப் பதினைந்து நாளுக்குள் நீங்கியது முதல்வரின் கடிதம், சட்டமன்றம், எம்.பி.க்கள், ஊர் மக்கள் என நாலா பக்கமும் அழுத்தியதால். மற்ற நாளெல்லாம், வருடம் பூராவும், நட்சத்திரம் இல்லாத அந்தச் சாதாரணக் கேள்விதான்.

எம்.பி. ஊருக்கு வரும்போது நாம் கொடுக்கும் மனு எப்போதும் "ஆவன செய்யுமாறு பணிவன்புடன்" என்று முடிகிறது. அடுத்த குளிர்காலக் கூட்டத்தொடருக்கு முன், தீபாவளி வாக்கில், நான் கொடுக்கப் போவது இது:

வேளாண் அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் தஞ்சாவூர் மாவட்டத்தில் பயிர்க் காப்பீட்டில் பதிவு செய்த நெல் விவசாயிகள் எத்தனை பேர், ஆண்டு வாரியாக, (ஆ) மூன்று தரப்பும் செலுத்திய பிரீமியமும் வழங்கிய இழப்பீடும் எவ்வளவு, (இ) நிராகரித்த கோரிக்கைகள் எத்தனை, காரணம் வாரியாக, (ஈ) இழப்பீடு தாமதமானதற்குக் கம்பெனிகள் வட்டி செலுத்தினவா, ஆமெனில் விவரம் என்ன?