டிவால்ட் டிசிஎன் 680: மலை வீட்டு மரவேலைக்கு ஒரு பேட்டரி நெயில் கன்

ரோட்டிலிருந்து படி இறங்கிப் போனால்தான் வீடு என்கிற குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் சரிவுகளில், காற்றில் ஓடும் நெயில் கன்னுக்கான கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு போவதே ஓர் ஆள் வேலை. போதாக்குறைக்கு ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. அதனால் டேங்க் நிரம்ப நேரம் பிடிக்கும். கேஸை எரித்து ஆணி அடிக்கும் கேஸ் கன்னுக்கு இன்னும் சிரமம். காற்று மெலிந்திருப்பதால் கலவை கெட்டு, குளிர்ந்த காலையில் அடிக்காமல் நின்றுவிடும்.

டிசிஎன் 680-க்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. பேட்டரி மோட்டார் ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரத்தைச் சுழற்ற, அந்த வேகம் ஆணியை அடிக்கும் தகடான டிரைவர் பிளேடைத் தள்ளி ஆணியை இறக்குகிறது. மலை உயரம் அதைப் பாதிப்பதில்லை. எடுத்துக்கொள்வது பிராட் என்கிற மெல்லிய 18 கேஜ் ஆணி, நீளம் 16 முதல் 54 மி.மீ. வரை, ஆணி நிரப்பும் மேகசினில் 110 ஆணி பிடிக்கும். கடையில் எஃப்-30, எஃப்-50 என்று கேட்டால் தருவார்கள். எண்தான் மில்லிமீட்டர் நீளம். ஓரத்துக்கு வைக்கும் பீடிங், சுவரடி ஸ்கர்ட்டிங், பைன் பேனலிங், கதவு நிலையைச் சுற்றி வரும் ஆர்க்கிட்ரேவ், இவைதான் இதன் வேலை. ஓட்டுக்கூரை ரீப்பரையோ சட்டத்தையோ இதை நம்பி அடிக்கவே கூடாது. சுமார் 1.2 மி.மீ. கனமுள்ள, தலை இருப்பதே தெரியாத ஆணி மலைக்காற்றில் கூரையைப் பிடித்து நிறுத்தாது.

ஆணி நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: மேலே வைக்கும் பலகையின் கனத்தைப் போல மூன்று மடங்கு. 6 மி.மீ. பீடிங்குக்கு எஃப்-20, 12 மி.மீ. பைன் பலகைக்கு எஃப்-35 அல்லது எஃப்-38, 19 மி.மீ. பலகைக்கு எஃப்-50 போதும். அடியில் உள்ள கட்டை மெலிதாக இருந்தால் நீளத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் முனை மறுபக்கம் வரும். பழைய பங்களாக்களில் பலகைச் சுவருக்குப் பின்னால் வயர் ஓடும். அது எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் நீளமான ஆணியை எடுக்காதீர்கள்.

டிரிகரில் இரண்டு முறை இருக்கிறது. ஒன்றில் மூக்கை மரத்தில் அழுத்திய பிறகே டிரிகரை இழுக்க வேண்டும். ஒவ்வொரு ஆணிக்கும் அதே வரிசை. மற்றொன்றில் டிரிகரைப் பிடித்தபடி மூக்கு தொட்டாலே ஆணி பாயும். ஏணியில் நின்று சீலிங் அடிப்பவர் இரண்டாவதைத் தொடவே கூடாது. அடித்த வேகத்தில் கன் எகிறி மறுபடி மரத்தில் இடித்தால் கேட்காத ஆணி ஒன்று இறங்கும். டிரிகரைப் பிடித்தபடியே கீழே இறக்கிய கன் தொடையில் பட்டால் அங்கேயும் ஆணி இறங்கும். உள்வேலையில் அந்த வேகத்துக்குத் தேவையே இல்லை. மரத்தில் அழுத்தாமலே அடிக்க மூக்கின் ஸ்பிரிங்கைக் கட்டி வைக்கும் பழக்கம் உள்ளவர் கையில் இந்த மிஷினைக் கொடுக்காதீர்கள்.

காயம் பெரும்பாலும் பலகையைப் பிடித்திருக்கும் கையில்தான். பிராட் ஆணியின் முனை உளி மாதிரி சீவியிருக்கும். கணுவிலோ கடினமான ரேகையிலோ பட்டால் நேராகப் போகாமல் பக்கவாட்டில் வளைந்து, பலகையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அது கன்னின் இடப்புறமோ வலப்புறமோதான் பெரும்பாலும் திரும்பும். ஆகவே குறுகிய பலகையில் கன்னின் உடல் பலகை நீளத்துக்குக் குறுக்கே நிற்கும்படி பிடியுங்கள். வளைந்தாலும் நீளவாக்கில் மரத்துக்குள்ளேயே போகும். பிடிக்கும் கை ஆணி நீளத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும். அந்த அளவு இடம் இல்லாத சின்னத் துண்டை கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். சீலிங்கில் ஆணி தெறித்தால் நேராக முகத்துக்குத்தான் வரும்.

ஆணி எவ்வளவு இறங்க வேண்டும் என்று திருப்பி வைக்கும் ஆழச் சக்கரத்தைத் துண்டு மரத்தில் சோதித்துப் பிறகே சுவருக்குப் போங்கள். தலை பலகை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி, புட்டி வைக்க ஒரு சின்னக் குழி விட்டால் சரி. சில்வர் ஓக்கிலும் பைனிலும் இது சுலபம். காய்ந்த யூகலிப்டஸ், பழைய தேக்கு, ஈட்டியில் ஆழம் கூட்டினாலும் ஆணி தலைநீட்டி நிற்கலாம். அங்கே குட்டை ஆணியும் பசையும் சேர்த்துப் போடுங்கள், இல்லை டிரில் போட்டு ஸ்குரூ அடியுங்கள். கன் எம்பாமல் இருக்க மேலிருந்து நன்றாக அழுத்திப் பிடிப்பதும் பாதி வித்தை.

சமவெளியிலிருந்து வரும் காய்ந்த பலகை மூடுபனியில் ஊதும். ஒரு வாரமாவது அந்த அறையிலேயே அடுக்கி வைத்துவிட்டு அடியுங்கள். ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் பொருந்தும் நாக்குப் பலகையில் நாக்கு வழியாகச் சாய்த்து ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஊதவும் சுருங்கவும் இடம் கிடைக்கும். இரண்டு பக்கமும் அடித்தால் நடுவில் வெடிக்கும். ஈரம் ஏறும் வராந்தாவிலும் பாத்ரூமிலும் ஸ்டெயின்லெஸ் பிராட் மட்டுமே. தேக்கிலும் சீகை (வாட்டில்) மரத்திலும் உள்ள டானின் என்கிற துவர்ப்புப் பொருள், வெறும் இரும்பு பட்ட இடத்தைக் கருக்கும்.

ஆணி சிக்கினால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு மேகசினைக் காலி செய்யுங்கள், அதன் பிறகே மூக்கைத் திறந்து குறடால் எடுங்கள். பிளேடு பாதியில் நின்றிருந்தால் அதை விடுவிக்க மேலே உள்ள ஸ்டால் ரிலீஸ் லீவரைத் திருப்புங்கள். ஆணிகளைப் பசையால் வரிசையாக ஒட்டிய பட்டை மட்டமாக இருப்பதுதான் பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம். பசை உடைந்து உதிர்ந்த பட்டையை வாங்காதீர்கள்.

குறைகளும் உண்டு. காற்று கன்னைவிட எடை அதிகம். பேட்டரியோடு சேர்த்து இரண்டரை கிலோவுக்குக் குறையாது. நாள் முழுக்கச் சீலிங் அடித்தால் தோள் சொல்லும். உடல் பெரிது, இடுக்கான உள்மூலைக்குள் நுழைப்பது சிரமம். பேட்டரியை 4.5 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பது டிவால்ட்டின் விதி. உறைபனி இறங்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டி ஷெட்டில் இரவு சார்ஜ் போடாமல், அடுப்பு எரியும் அறையில் போடுங்கள். கோவையில் வாங்கும்போதே டிரைவர் பிளேடு கடையில் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.