லாக் புலப்பெயர்களை ஏபிஐ வழியே மாற்றுதல்: எந்த வழி எதற்குப் பொருந்தும்?

ஃபயர்வால் லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) ‘எஸ்ஆர்சி_ஐபி’ என்றும் வெப் சர்வர் லாக்கில் ‘கிளையன்ட்_ஐபி’ என்றும் வரும் ஒரே தகவலை ‘சோர்ஸ்.ஐபி’ என்ற ஒரே பெயரின்கீழ் கொண்டுவரச் சொல்கிறது, 2019இல் வெளிவந்த எலாஸ்டிக் காமன் ஸ்கீமா என்ற புலப்பெயர்த் தரம் (புலம் என்பது லாக்கில் ஒரு தகவலைத் தாங்கும் பெயரிட்ட இடம்). இதை ஏபிஐ (மென்பொருளுக்கு நிரல்வழியே கோரிக்கை அனுப்பும் இடைமுகம்) வழியே செய்வதற்குப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றை வேகத்தையோ வசதியையோ வைத்து ஒப்பிடுவதைவிட, ஏற்கெனவே சேமித்த லாக்குகளுக்கு என்ன நேர்கிறது, செய்ததைத் திரும்பப் பெற முடியுமா என்ற இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடுவதே பயன் தரும் என்பது என் கருத்து.

லாக்குகளைச் சேமித்துத் தேடித் தரும் எலாஸ்டிக்சர்ச்சின் மேப்பிங் ஏபிஐ (மேப்பிங் என்பது புலங்களின் பெயர், வகைப் பட்டியல்), இருக்கும் இன்டெக்ஸில் (லாக்குகளைச் சேமிக்கும் தொகுப்பில்) புதிய புலத்தைச் சேர்க்க அனுமதிக்கும். ஏற்கெனவே உள்ள புலத்தின் பெயரையோ வகையையோ மாற்ற அனுமதிக்காது. பழைய பெயரில் எழுதப்பட்ட தரவு செல்லாததாகிவிடும் என்பதே காரணம். அதற்கு ஈடாக 6.4 பதிப்பில் வந்ததுதான் மாற்றுப்பெயர்ப் புலம், அதாவது அலியாஸ் வகை. ‘சோர்ஸ்.ஐபி’ என்ற புலத்தின் வகை அலியாஸ் என்றும் அது சுட்டும் பாதை ‘எஸ்ஆர்சி_ஐபி’ என்றும் எழுதி ஒரு புட் கோரிக்கை அனுப்பினால் போதும். தேடல், வரிசைப்படுத்தல், தொகுப்புக் கணக்கு ஆகிய மூன்றும் அந்த நொடியிலிருந்தே பழைய லாக்குகளிலும் புதிய பெயரை ஏற்கும். தரவு ஒரு பைட்கூட நகர்வதில்லை.

இந்த எளிமைக்குப் பின்னால் சில கட்டுப்பாடுகள் உள்ளன. மாற்றுப்பெயர் சுட்டும் புலம் முன்கூட்டியே இருக்க வேண்டும். அது இன்னொரு மாற்றுப்பெயராகவோ பிற புலங்களை உள்ளடக்கிய ஆப்ஜெக்டாகவோ இருக்கக்கூடாது. ஒரு மாற்றுப்பெயருக்கு ஒரே ஒரு இலக்குதான். லாக்கின் மூல ஆவணத்தில் புதிய பெயர் தென்படாது என்பதால், மூலத்தை நேரடியாகப் படிக்கும் ஸ்கிரிப்டுகளுக்கு இதனால் பயனில்லை. இயல்பாக ஓர் இன்டெக்ஸுக்கு 1000 புலங்கள் என்ற வரம்பில் மாற்றுப்பெயர்களும் கணக்கில் சேரும். சுட்டும் பாதையைப் பின்னர் திருத்த முடியுமே தவிர, சேர்த்த மாற்றுப்பெயரை அந்த இன்டெக்ஸிலிருந்து நீக்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாற்றுப்பெயர் பெயரை மட்டுமே மாற்றுகிறது, வகையை அல்ல என்பது. பழைய புலம் கீவேர்டு (வெறும் எழுத்துச்சரம்) வகையில் சேமிக்கப்பட்டிருந்தால், ‘சோர்ஸ்.ஐபி’ என்று அழைத்தாலும் அது கீவேர்டாகவே நடந்துகொள்ளும்; ஒரு சப்நெட்டுக்குள் (பிணையத்தின் ஒரு பகுதிக்குள்) அடங்கும் முகவரிகளையெல்லாம் காட்டு என்று சிஐடிஆர் வடிவில் (முகவரி வரம்பைச் சுருக்கி எழுதும் முறையில்) கேட்டால் எதிர்பார்த்த விடை வராது. இந்த இடத்தில் 7.11 பதிப்பில் வந்த ரன்டைம் புலம் மேலானது. தேடும் நேரத்தில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் பழைய மதிப்பைப் படித்து ஐபி வகையில் தருகிறது. வேண்டாமென்றால் அதே ஏபிஐயில் அதன் மதிப்பை நல் (வெற்று மதிப்பு) என்று அனுப்பி எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். விலை, ஒவ்வொரு தேடலிலும் ஸ்கிரிப்ட் ஓடும் சுமை. தினமும் பல டாஷ்போர்டுகள் தொடும் புலத்துக்கு இதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி வரும் லாக்குகளுக்கு மட்டும் தீர்வு போதுமென்றால், இன்ஜெஸ்ட் பைப்லைனில் (லாக்கைச் சேமிக்கும் முன் மாற்றியமைக்கும் படிவரிசையில்) பெயர் மாற்றும் ரீநேம் செயலியை வைப்பதே நேர்த்தியான வழி. லாக் இன்டெக்ஸுக்குள் நுழையும் முன்பே பெயர் மாறிவிடுவதால் தேடலில் கூடுதல் சுமை எதுவும் இல்லை. பழைய பெயரில் புலம் இல்லாத லாக் வந்தால் செயலி இயல்பாகவே பிழை தரும் என்பதால், இல்லாததைப் பொருட்படுத்தாதே என்ற விருப்பத்தை இயக்கி வைப்பது நல்லது. ‘சோர்ஸ்’ என்பதே ஏற்கெனவே எழுத்து வகைப் புலமாக இருக்கும் இன்டெக்ஸில் ‘சோர்ஸ்.ஐபி’ நுழைய முடியாது. ஒரே பெயர் மதிப்பாகவும் ஆப்ஜெக்டாகவும் இருக்க முடியாததால் அந்த லாக் நிராகரிக்கப்படும்.

ரீஇன்டெக்ஸ் ஏபிஐ பழைய தரவைப் புதிய மேப்பிங்கோடு முழுவதுமாக நகலெடுக்கிறது. மேப்பிங் தானாகப் பின்தொடராது, இலக்கு இன்டெக்ஸை முன்பே அமைத்திருக்க வேண்டும், வட்டில் இருமடங்கு இடமும் தேவைப்படலாம். சில மாதங்களில் அழியப்போகும் லாக்குகளுக்கு இது பெரும்பாலும் வீண் செலவு.

இன்னொரு லாக் தேடல் மென்பொருளான ஸ்பிளங்கில் நிலைமை வேறு. அங்கே புல மாற்றுப்பெயர் முழுக்க முழுக்கத் தேடல் நேரத்தில் செயல்படுவதால், ரெஸ்ட் ஏபிஐ வழியே சேர்த்ததும் பழைய லாக்குகளிலும் தெரியும், நீக்கியதும் சுவடின்றி மறையும். திரும்பப் பெறும் வசதியில் இதுவே முதலிடம். ஆனால் புலம் பிரித்தெடுத்த பின்னரும் கணக்கிட்ட புலங்களுக்கும் லுக்கப்களுக்கும் (வெளி அட்டவணையிலிருந்து மதிப்பைச் சேர்ப்பது) முன்னரும் இது நடப்பதால், கணக்கிட்ட புலத்துக்கு மாற்றுப்பெயர் வைக்க முடியாது. ஏபிஐ வழியே ஒரு பயனரின் பெயரில் உருவாக்கியதைப் பகிர்வு அனுமதி தராமல் விட்டால் மற்றவர்களின் தேடலில் அது தென்படாது; தனக்குத் தெரிகிறதே என்று நிர்வாகி அமைதியாக இருந்துவிட வாய்ப்புண்டு.

2021இல் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்த ஓப்பன்சர்ச்சின் செக்யூரிட்டி அனலிடிக்ஸ் என்ற பகுதி, அச்சுறுத்தல்களைக் கண்டறியும் விதிகளின் புலப்பெயர்களை லாக்கின் புலங்களோடு இணைக்கத் தனி மேப்பிங் ஏபிஐ தருகிறது. இன்டெக்ஸ், புலம், மாற்றுப்பெயர் என்ற மூன்றை மட்டும் அனுப்பினால் போதும். விதிகளுக்காக மட்டும் பெயர் மாற்றுபவர்கள் பொது மேப்பிங் ஏபிஐயைத் தொடாமல் இதிலேயே நின்றுகொள்ளலாம்.

எலாஸ்டிக்சர்ச்சில் பழையதும் புதியதும் சேர்ந்து தேட வேண்டுமானால், மாற்றுப்பெயரையும் ரீநேமையும் இணைத்துப் பயன்படுத்துவதே என் தேர்வு. அதில் வரிசை தவறக்கூடாது. மாற்றுப்பெயர்ப் புலத்தில் எழுத முடியாது என்பதால், எழுதப்படும் இன்டெக்ஸில் ‘சோர்ஸ்.ஐபி’ மாற்றுப்பெயராக இருக்கும்போதே பைப்லைன் இயங்கத் தொடங்கினால், வரும் லாக்குகள் அனைத்தும் பிழையாகும். பல இன்டெக்ஸ்களை ஒரே பெயரில் அடக்கும் டேட்டா ஸ்ட்ரீமின் பெயருக்கு மேப்பிங் கோரிக்கை அனுப்புவதும் இதே இடரைத் தரும், அந்தக் கோரிக்கை எழுதப்படும் இன்டெக்ஸ் உட்பட எல்லாவற்றையும் தொடுவதால். ஆகவே முதலில் டெம்ப்ளேட்டில் (புதிய இன்டெக்ஸ்களுக்கான முன்மாதிரியில்) ‘சோர்ஸ்.ஐபி’யை ஐபி வகை உண்மைப் புலமாகவும் ரீநேம் பைப்லைனை இயல்புநிலைப் பைப்லைனாகவும் எழுதி, ரோல்ஓவர் செய்து (எழுதுவதை அடுத்த இன்டெக்ஸுக்கு மாற்றி) புதிய இன்டெக்ஸைத் திறக்க வேண்டும். அதன்பிறகே பழைய இன்டெக்ஸ்களுக்கு ஒவ்வொன்றின் பெயரிலும் மாற்றுப்பெயரைச் சேர்க்க வேண்டும். அங்கே வகை பொருந்தாவிட்டால் ரன்டைம் புலத்தைச் சேர்க்கலாம். பழைய பெயரில் எழுதப்பட்ட எச்சரிக்கை விதிகள் இருந்தால், டெம்ப்ளேட்டிலேயே ‘எஸ்ஆர்சி_ஐபி’யை ‘சோர்ஸ்.ஐபி’யின் மாற்றுப்பெயராக எதிர்த்திசையில் வைத்துவிடலாம். பழைய இன்டெக்ஸ்களில் நீக்க முடியாமல் நிற்கும் மாற்றுப்பெயர்கள், சேமிப்புக் காலம் முடிந்து அந்த இன்டெக்ஸ்கள் அழியும்போது தாமாகவே போய்விடும்.