அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு: சீட்டில்லாமல் வாங்குவதில் எது தேறும், எது வீண்

ஆறு மாதத்தில் இரண்டு முறை அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை யூரின் இன்ஃபெக்ஷன் வந்தால், தடுப்பு பற்றி யோசிக்க வேண்டிய கட்டம். மெடிக்கல் ஷாப்பில் இதற்காகக் கேட்காமலேயே எடுத்து நீட்டுவது கிரான்பெர்ரியும் டி-மேனோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையும் கலந்த மாத்திரை அல்லது சாஷே. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றல்ல.

கிரான்பெர்ரி ஓரளவு தேறும். அட்டையின் முன்பக்கம் இருக்கும் ‘எக்ஸ்ட்ராக்ட் 300 மி.கி.’ எதையும் சொல்லாது. பின்பக்கம் திருப்பி பிஏசி (PAC, புரோஆந்தோசயனிடின்) எவ்வளவு என்று பாருங்கள். ஈ.கோலை கிருமி சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதாகக் கருதப்படும் சத்து அதுதான். நாளைக்கு 36 மி.கி. என்பது ஆய்வுகளில் பரவலாக எடுத்துக்கொண்ட அளவு. பிஏசி அளவே போடாத அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காக்ரன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2023 தொகுப்பாய்வில், அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. பாட்டில் ஜூஸில் சர்க்கரைதான் அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

டி-மேனோஸ் பவுடருக்கு 2014-இல் வந்த ஓர் ஆய்வு பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. தினம் 2 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில். 2024-இல் பிரிட்டனில் 598 பெண்களுக்கு அதே அளவை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் சர்க்கரைப் பொடி குடித்தவர்களைவிடக் குறிப்பிடும்படி எந்தப் பலனும் இல்லை. ‘எனக்குக் குணமானது’ என்பவர்களுக்கு உதவியது கூடவே போன தண்ணீராகவும் இருக்கலாம். டப்பாவில் ஈரக் கரண்டி பட்டால் கட்டிதட்டும், சிலருக்கு வயிறு இளகும். மாத்திரையில் 600 மி.கி. என்றால் 2 கிராமுக்கு மூன்று போட்டாலும் போதாது. இதற்குக் காசு போட வேண்டியதில்லை.

தண்ணீருக்கு அப்படியல்ல. நாளைக்கு 1.5 லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களில் பாதிப்பேரைக் கூடுதலாக 1.5 லிட்டர் குடிக்க வைத்த ஆய்வு 2018-இல் வந்தது. மற்றவர்களுக்கு வருடத்தில் சராசரி 3.2 முறை வந்த தொற்று, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறைதான் வந்தது. பணம் போட்டது பாட்டில் தண்ணீர் விற்கும் கம்பெனிதான், ஆனாலும் குடத்துத் தண்ணீர் போதும். அரை லிட்டர் பாட்டிலைச் சாப்பாட்டு வேளையில் திறந்து, அடுத்த வேளைக்குள் முடிப்பது சுலபமான வழி. சொதப்புவது கழிப்பறையில்தான்: கடையிலும் பஸ்ஸிலும் வேலை பார்ப்பவர்கள் போக இடமில்லாமல் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், அல்லது குடித்துவிட்டு அடக்குகிறார்கள். இதய, சிறுநீரக நோயால் தண்ணீரை அளந்து குடிப்பவர்களுக்கு இது பொருந்தாது.

எரிச்சலுக்குத் தரும் சிட்ரேட் சிரப் தடுப்பு மருந்தே இல்லை. சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும், அவ்வளவுதான். சிலவற்றில் சோடியம் உண்டு, பிரஷர்காரர்கள் கவனிக்கவும். தொற்றைத் தடுக்க டாக்டர் மெத்தனமின் மாத்திரை எழுதியிருந்தால் இதைக் கூடவே குடிக்கக் கூடாது. அந்த மாத்திரைக்குப் புளிப்பான சிறுநீர் வேண்டும். அந்தரங்க வாஷ், உள்ளே பீய்ச்சிக் கழுவுவது இரண்டும் வேண்டாம், நல்ல கிருமிகளும் போய்விடும்.

மாதவிடாய் நின்றவர்கள் இந்த அலமாரியில் நேரத்தைச் செலவிடாமல், பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா முதுகு வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், கர்ப்பம் என்றால் அன்றே போக வேண்டும். மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக்கைப் போடாமல், முதல் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.