டயானா 27: பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பழைய காற்றுத் துப்பாக்கியில் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் ஜெர்மன் டயானா 27-ஐத்தான் சொல்வேன். பினாங்கில் பெரியப்பா வைத்திருந்தது, இப்போது முறைப்படி என் பெயரில் லைசென்ஸோடு இருக்கிறது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, கனமில்லை, தோளில் வைத்தால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் 27 என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. இதைச் செய்தது ராஸ்டாட் ஊரில் 1890-இல் தொடங்கிய மேயர் அண்ட் கிராமெல்ஸ்பாக்கர் கம்பெனி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் அவர்களுடைய இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் மில்பிரோ என்ற பிரிட்டிஷ் கம்பெனி கைக்குப் போய்விட்டன, அவர்கள் ஸ்காட்லாந்தில் அதே பெயரில் துப்பாக்கி செய்தார்கள். ஜெர்மன்காரர்கள் மறுபடி தொழிலைத் தொடங்கியபோது பிரிட்டனில் சொந்தப் பெயரைப் போட முடியாமல் 'ஒரிஜினல்' என்று போட்டு விற்றார்கள், அமெரிக்காவில் அதே 27 ஹை-ஸ்கோர் 807 ஆனது, வின்செஸ்டர் 427 ஆனது. 1984-இல்தான் பெயர் திரும்பக் கிடைத்தது. ஆக, டயானா என்று எழுதியிருப்பது ஸ்காட்லாந்து சரக்காக இருக்கலாம், டயானா என்றே எழுதாதது அசல் ஜெர்மன் 27-ஆக இருக்கலாம்!

அப்புறம் எதைப் பார்ப்பது? உருளையின் பின்பக்கம் சின்னதாக மாதமும் வருடமும் குத்தியிருக்கும், ஜெர்மன் துப்பாக்கியில் பெரும்பாலும் இருக்கும், துருவை மெல்லத் துடைத்தால் தெரியும். அடுத்தது டிரிகர். போருக்குப் பிந்தைய ஜெர்மன் 27-இல் ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனின் தண்டை மூன்று எஃகு உருண்டைகள் சுற்றிலும் பிடித்திருக்கும், பாரம் ஒரே இடத்தில் விழாததால் விரலுக்கு அவ்வளவு மென்மையாக விடும். எத்தனை பேர் புது மாடலில் இந்தச் சுகத்தைத் தேடுகிறார்கள்! பிரித்தால் மட்டும் கவனம், அந்த உருண்டைகள் ஓடிவிடும், திரும்பப் பூட்டும்போது கொஞ்சம் கிரீஸ் தடவி ஒட்டவைத்துக்கொள்ளுங்கள்.

பழையவற்றில் பிஸ்டன் வாஷர் தோல்தான். காய்ந்துவிட்டால் வேகம் போய்விடும், சில துளி எண்ணெய் விட்டு ஊறவைத்தால் போதும். நம் ஊர் ஈரக் காற்றுக்கு இரும்பை எண்ணெய்த் துணியால் துடைக்காமல் உறைக்குள் போடவே கூடாது. வேகம் கூட வேண்டும் என்று கடினமான ஸ்பிரிங் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அந்த மென்மையே போய்விடும். பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) இல்லாமல் சுடவும் கூடாது.

சரி, வாங்க நினைத்தால் முதலில் போலீஸ் லைசென்ஸ். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். பேப்பர் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அது எவ்வளவு அழகான 27 ஆக இருந்தாலும், கையால்கூடத் தொடாதீர்கள்.